இடாப்பில் ஒரு பெயர்



சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் தேர்தல் என்றவுடன் மேடையும் கொடியும் ஒலிபெருக்கியுமே பலருக்கு நினைவில் எழும். உண்மையில் தேர்தல் அங்கே அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கிராம உத்தியோகத்தர் படிவத்துடன் லயத்து வாசலில் வந்து நிற்கும் நாளே அதன் முதல் நாள். வீட்டில் வசிப்போரின் பெயர்களை நிரப்பி ஒப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அவை வாக்காளர் இடாப்பில் ஏறும். இடாப்பில் இல்லாதவருக்கு வாக்கில்லை. எளிய விதிதான், ஆனால் இம்மாகாணத்துத் தோட்டத் தமிழரின் அரசியல் வரலாறு இவ்வெளிய விதியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

நுவரெலியாவைப் போல மலைக்கு மலை தோட்டமாகத் தொடரும் நிலமன்று சப்பிரகமுவ. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டமும் சிங்களக் கிராமமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடை, இறக்குவானைச் சரிவுகளிலும் தேயிலைக்கு நடுவே கிராமங்கள் உண்டு. எனவே இங்கே தோட்ட மக்கள் எத்தொகுதியிலும் சிறுபான்மையினரே. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றபோது, அவற்றுள் ஒன்றேனும் சப்பிரகமுவவில் இருக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய வாக்கை வேட்பாளர் எவரும் அலட்சியம் செய்ய முடியவில்லை. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதியில் அன்று வென்றவர், பின்னர் எதிர்க்கட்சித் தலைவரான என். எம். பெரேரா. இடதுசாரிகளின் தொழிற்சங்கங்கள் தோட்டங்களில் வேரூன்றியிருந்த காலம் அது.

அதே ருவன்வெல்லத் தொகுதியின் இடாப்பில்தான் ஒரு வழக்குப் பிறந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவுமாறு கேட்டது. லயத்திலே பிறந்து லயத்திலே மடிந்த ஒரு தொழிலாளியின் பிறப்பை யார் பதிந்து வைத்தார்கள்? இருக்கிற பாட்டனுக்கே பத்திரம் இல்லாதபோது, பூட்டனுக்குப் பத்திரம் தேடுவது எங்ஙனம்? அடுத்த ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமை பிரசைகளுக்கு மாத்திரமே உரியது என்றது. இவ்விரு சட்டங்களையும் தொடர்ந்து, 1931 முதல் வாக்களித்து வந்த ஒரு சமூகத்தின் மிகப் பெரும்பகுதி இடாப்பிலிருந்து மறைந்தது.

கோடாகன் பிள்ளை என்பவர் ருவன்வெல்ல இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். அவர் இலங்கைப் பிரசை அல்லர் என்று பதிவு அதிகாரி மறுத்தார். அவர் மேன்முறையீடு செய்தார். முறையீட்டைக் கேட்ட மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை எடுத்துப் பார்த்தார். ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பது அப்பிரிவின் கருத்து. அதற்கு மாறான சட்டங்கள் செல்லா; பெயரைச் சேர்த்துக்கொள்க என்று அவர் கட்டளையிட்டார். இடாப்பைத் திருத்தும் சாதாரண அலுவலர் ஒருவர், பாராளுமன்றத்தின் சட்டத்தையே செல்லாதென்று எழுதியது சிறிய காரியமன்று.

அத்தீர்ப்பு நீடிக்கவில்லை. 1951இல் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. சட்டத்தின் சொற்கள் எந்தச் சமூகத்தையும் பெயர் சுட்டவில்லை, எல்லாருக்கும் பொதுவானவை என்பது அதன் நியாயம். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. நேராகச் செய்யக் கூடாததைச் சுற்று வழியாகவும் செய்யலாகாது என்பதைக் கழகம் ஏற்றது. எனினும் தன் பிரசைகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான உரிமை என்று கூறி, 1953இல் முறையீட்டைத் தள்ளியது. சொற்களை அளந்தவர்கள், அச்சொற்கள் யாருடைய வாசலில் விழுந்தன என்பதையும் அளந்திருக்கலாம்.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரின் கதி 1974இல் சரிபாதியாக முடிவாயிற்று. சப்பிரகமுவ லயங்களிலும் உடன்பிறந்தார் சிலர் கப்பலேற, சிலர் தங்கினர். நாடற்றவர் என்ற நிலையை அகற்ற 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வேண்டியிருந்தன.

வாக்கு மீண்டது. அது எதை வாங்கித் தந்தது என்பதே அடுத்த கேள்வி. முன்னாளில் கிராமச் சபைத் தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்கு இடமே இல்லை. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது அவர்களும் வாக்களித்தார்கள்; ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துள் செலவிட இடந்தரவில்லை. சபைத் தார் வீதி தோட்ட எல்லையோடு நின்றுவிடும். உள்ளே உள்ள பாதையோ துரையின் கருணையைப் பொறுத்தது. வாக்கைப் பெற்ற உறுப்பினர், "சட்டம் இடந்தரவில்லை" என்று கையை விரித்தால் அது பொய்யுமன்று. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

பாராளுமன்றத் தேர்தலிலோ இப்பொழுது மாவட்டமே தொகுதி. இரத்தினபுரிக்கு 11 உறுப்பினர், கேகாலைக்கு 9. சிதறிக் கிடக்கும் தோட்ட வாக்குகள் தனித்து நின்றால் ஓர் ஆசனத்தை எட்டுவது அரிது. 2024இல் இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் தெரிவானார். அயற் கிராமத்தாரும் விருப்பு வாக்கு அளித்திராவிடில் அது கைகூடியிராது. பொதுச் சந்தையும் பொதுப் பாதையும் உள்ள மண்ணில் இவ்வழி இயல்பானதே என்று கொள்ளலாம்.

இன்றும் வாக்குத் தவறும் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை போலத் தோன்றும். பிறப்புப் பதிவில்லாத கிழவிக்குத் தேசிய அடையாள அட்டை இல்லை. தபால் தோட்டக் காரியாலயத்தோடு தங்கிவிடுகிறது. கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போன பிள்ளையின் பெயரை, "அவன் இங்கே இல்லையே" என்று தாயே படிவத்தில் விட்டுவிடுகிறாள். அங்கேயும் அவனை யாரும் பதிவதில்லை.

இடாப்பு உறுதியாக்கப்படுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. பெயர் விடுபட்டவர் உரிமை கோரி விண்ணப்பிக்கலாம். மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். ருவன்வெல்லையில் கோடாகன் பிள்ளை போன வழி அதுவே.