திரை இல்லாத கணினிக்கு வைத்தியம்



தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த டிரஸ்ஸரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடக்க முடிந்த நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவார். எழுந்திருக்க முடியாதவரைப் பார்க்க, டிரஸ்ஸர் பையை எடுத்துக்கொண்டு லயத்துக்கே வருவார். கணினிகளுக்கும் அப்படி ஒரு வைத்தியம் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் பகுதியில், முன்பு செம்பனை நின்ற நிலத்தில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. நாளை நம் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போகக்கூடும். உள்ளே, 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டங்களில், சர்வர் எனப்படும் கணினிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. ஆயிரம் சர்வருக்கு ஆயிரம் திரை வைத்தால் இடமும் மின்சாரமும் வீண். ஆகவே பொறியாளர் வேறோர் இடத்தில் அமர்ந்து, கணினி வலை வழியாகவே எல்லாவற்றையும் நடத்துகிறார்.

அந்த வலையே அறுந்துவிட்டால் என்ன செய்வது? சில சர்வர்களுக்குள் தனியாக ஒரு சிறு கணினி இருந்து, தொலைவிலிருந்தே திரையைக் காட்டும். ஆனால் அதற்கும் வலைக் கம்பி வேண்டுமே! அப்போது ஆள்தான் நேரில் போக வேண்டும்.

இதற்காகத் திரையையும் விசைப்பலகையையும் ஒரு சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். அதற்கு 'கிராஷ் கார்ட்' என்று பெயர். மாரடைப்பு வந்த நோயாளியிடம் மருத்துவமனையில் தள்ளிச் செல்லும் அவசர வண்டியின் பெயர்தான் அது. இப்போது அந்த வண்டி, கையில் அடங்கும் சிறு பெட்டியாகவும் கிடைக்கிறது. பெட்டியின் ஒரு பக்கக் கம்பிகளைச் சர்வரில் திரைக்கும் விசைப்பலகைக்கும் உரிய இடங்களில் சொருக வேண்டும். மறுபக்கத்தை மடிக்கணினியில் சொருக வேண்டும். சர்வரின் திரை மடிக்கணினியில் தெரியும்; நாம் தட்டும் எழுத்து சர்வருக்குப் போகும்.

இனி, எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். ஓர் இரவு சர்வர் ஒன்று பதில் தரவில்லை. அவசரத்தில் மின்சாரத்தை அணைத்து மீண்டும் போட்டோம். அதுவும் ஓடத் தொடங்கியது. ஆனால் எதனால் நின்றது என்பது தெரியாமற் போயிற்று. விழுகின்ற கணினி தன் கடைசிச் செய்தியைத் திரைக்குத்தான் அனுப்பும். பல வேளைகளில் அது வேறெங்கும் பதிவாவதில்லை, அணைத்தால் அழிந்துவிடும். சம்பளக் கணக்கு முடிக்க வேண்டிய நாளில் அதே சர்வர் மறுபடியும் நின்றது. இம்முறை எதையும் அணைக்காமல், முதலில் பெட்டியைச் சொருகிப் பார்த்தோம். நினைவகத்தில் பிழை என்று ஒரே ஒரு வரி இருந்தது. பழுதான நினைவகத் துண்டை மாற்றினோம். சம்பளம் தப்பியது.

ஆகவே, இத்தொழிலுக்குப் போகும் பிள்ளைகள் மூன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கருவியை நல்ல நாளிலேயே சொருகிச் சோதித்து வையுங்கள். பழைய சர்வருக்கும் புதிய சர்வருக்கும் பொருந்தும் கம்பிகளைப் பையில் வையுங்கள். அணைப்பதற்கு முன் திரையைப் படியுங்கள். படித்ததைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாடி பிடித்துப் பார்க்காமல் எந்த டிரஸ்ஸரும் மருந்து கொடுத்ததில்லை. இயந்திரத்துக்கும் அதே முறைதான்.