பகுதிநேர ஆசிரியரும் மாணவர் முன்னேற்றமும்



நம் அரசுப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் போன்ற பாடங்களுக்காக 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பின்னர் ஊதியம் உயர்ந்தது. பணி பகுதிநேரமாகவே நீடித்தது.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளிலும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரத்தவரே. அவர்களிடம் அதிக வகுப்புகள் படித்த மாணவர்களில் படிப்பை முடிப்போர் குறைவு என்று அங்கே சில ஆய்வுகள் கண்டன. ஆய்வாளர்கள் ஆசிரியரின் திறமையைக் குறைசொல்லவில்லை. வகுப்புக்கு வெளியே அவரைச் சந்திக்க முடியாததையே சுட்டினார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இதை நான் அன்றாடம் பார்க்கிறேன். பெற்றோர் பலர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ஐயம் வந்தால் வீட்டில் கேட்க ஆளிருக்காது. "கம்ப்யூட்டர் மிஸ் என்னைக்கு சார் வருவாங்க?" என்று எட்டாம் வகுப்பு மாணவி கேட்கிறாள். செவ்வாய்க்கிழமை எழுந்த கேள்வி வெள்ளி வரை காத்திருந்தால் ஆர்வம் ஆறிப்போகும்.

பணி நிரந்தரம் அரசு எடுக்க வேண்டிய முடிவு. பள்ளி அளவில் நம்மால் மூன்று செய்ய முடியும். அவர்கள் வரும் அரை நாளில் ஒரு பாடவேளையை மாணவர் சந்திப்புக்கு ஒதுக்கலாம். மற்ற நாள்களில் ஆய்வகச் சாவியையும் ஐயக் குறிப்பேட்டையும் முழுநேர ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்கலாம். ஆசிரியர் கூட்டத்தை அவர்கள் வரும் நாளிலேயே வைக்கலாம். மாணவரை அறிந்தவர் என்ற முறையில் அவர்கள் சொல்வதையும் கேட்போம்.