ஸ்டாப்பர் பேக்

கால்பந்து வர்ணனையில் ஃபார்வர்டு ஆட்டக்காரரின் பெயர் ஓயாமல் ஒலிக்கும். பின்வரிசையின் நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் பேக்கின் பெயரோ பெரும்பாலும் அவர் கோட்டை விட்டால்தான் வரும். அந்த ஸ்டாப்பரின் கலையைப் பற்றிப் பேச, நம் திருச்சி மலைக்கோட்டை மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார்.

தர்மராஜ் ராவணன். 1987இல் திருச்சியில் பிறந்தவர். 2012-13 ஐ-லீக் பட்டத்தை வென்ற கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் அணியில் ஆடியவர். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது எஃப்.சி. புனே சிட்டிக்குப் போனார். பிறகு சென்னை சிட்டி அணிக்கும் ஆடினார். இத்தனை ஊர்களிலும் அவருக்கு வாய்த்த வேலை ஒன்றுதான், தடுப்பது.

தடுப்பது என்றதும் பாய்ந்து விழுந்து பந்தைப் பறிப்பதைத்தான் நினைக்கிறோம். கூட்டம் கைதட்டுவதும் அதற்கே. என் கணிப்பில் அது பெரும்பாலும் கடைசி வழி. நிற்க வேண்டிய இடத்தில் முன்பே நிற்காததன் விளைவு. தேர்ந்த ஸ்டாப்பர் எதிராளிக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்பதில்லை. ஒரு தோளைப் பின்வாங்கி, சற்றே ஒருக்களித்து நிற்பார். ஆளின் இடுப்பு, தோள் அசைவுகளில் மயங்காமல் பந்தையே பார்ப்பார். மெல்லப் பின்வாங்கி, ஆளை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்குவார். பந்து எதிராளியின் காலைவிட்டு ஒரு சாண் கூடுதலாக விலகும் அந்த நொடிக்காகக் காத்திருப்பார். கால் நீட்ட ஆசை வரும், நீட்டக் கூடாது. அந்தப் பொறுமைதான் இந்தக் கலையின் உயிர்.

இன்னொன்று, வாய். எதிராளியை ஆஃப்சைடில் சிக்கவைக்கப் பொறி வைக்கும்போது பின்வரிசை நால்வரும் ஒரே மூச்சில் முன்னேற வேண்டும். ஒருவர் பின்தங்கினாலும் பொறி பாழ். அதனால் ஸ்டாப்பர் ஆட்டம் முழுக்கக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். வாயோடு காலுக்கும் வேலை கூடியது, 1992இல் விதி மாறியபோது. சக வீரர் காலால் தட்டிக்கொடுக்கும் பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றானது. அன்று முதல் ஸ்டாப்பருக்குப் பந்தை உதைத்து அனுப்பத் தெரிந்தால் போதாது, நெருக்கடியில் பாஸ் கொடுக்கவும் தெரிந்தாக வேண்டும்.

தடுப்பவரை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்பதற்கு ஓர் உதாரணம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இந்திய அணியின் ஜர்னைல் சிங் தலையில் தையலோடு இறுதிப் போட்டியில் ஆடினார். பேக் ஆட்டக்காரரான அவர் ஃபார்வர்டாக இறங்கி கோல் போட்டார். தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினோம். அந்த மாபெரும் தடுப்பாளரைக்கூட நாம் கோல் போட்டவராகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதில் தீராத வருத்தம்.

பள்ளி அணிகளில் நன்றாக ஆடும் பையனை முன்னே விட்டுவிட்டு, மிஞ்சியவனைப் பேக்கில் நிறுத்தும் பழக்கம் இருக்கிறது. பயிற்சி தரும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த பையனைப் பின்னே நிறுத்துங்கள். கோல் போடாத அவனையும் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.