ஆடியவர் ஆட்டுவிக்கும்போது

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் கேட்டால் உடனே வாதம் சூடு பிடிக்கிற கேள்வி ஒன்று உண்டு. லைனில் கைதேர்ந்த ஆளை லீடராக்கினால் மற்றவர்களை நன்றாக வேலை வாங்குவாரா? கால்பந்திலும் இதே கேள்விதான். அதற்கு நம்மவர் ஒருவரின் வாழ்க்கை நல்ல சான்று. சிங்கப்பூர்த் தமிழர் வி. சுந்தரமூர்த்தி 1965இல் பிறந்தவர். 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் அணிக்கு ஆடப் போனார்; மலேசிய மாநில அணிகளுக்கும் ஆடினார். 1993இல் புருணைக்கு எதிராக, உடலை அந்தரத்தில் மல்லாத்திப் பந்தைத் தலைக்கு மேலே உதைத்து அவர் அடித்த கோலைச் சிங்கப்பூரில் இன்றும் பேசுகிறார்கள்.

அந்த வித்தையை யாருக்கும் சொல்லிக் கொடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அயலூரில் இடம்பிடிக்கப் பாடுபட்டவருக்கு, இடம் கிடைக்காத பையனின் தவிப்பு புரியும். பயிற்சியாளருக்கு அதுவே பெரிய முதலீடு என்பேன். 2012இல் சிங்கப்பூர் மீண்டும் மலேசிய லீகில் நுழைந்தபோது, இளைஞர்களே அதிகம் இருந்த லயன்ஸ் டுவெல்வ் அணி இவர் கைக்கு வந்தது. முதல் ஆண்டு இரண்டாம் இடம்; 2013இல் சாம்பியன். 1994க்குப் பிறகு சிங்கப்பூர் அணி ஒன்று அந்த லீகை வென்றது அப்போதுதான்.

சிங்கப்பூர் தேசிய அணியின் பயிற்சியாளராகத் தோற்றாரே என்பார்கள். தோற்றார்தான். 2016 தென்கிழக்காசியக் கோப்பையில் 3 ஆட்டம், ஒரே கோல், ஒரே புள்ளி. அத்தனை அழகாக ஆடியவர் தற்காப்பிலேயே ஒதுங்கினார் என்ற குறையிலும் நியாயம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தேசியப் பயிற்சியாளரின் கையில் வீரர்கள் இருப்பது சில நாட்கள்தான். லயன்ஸ் டுவெல்வில் அதே பையன்களை இரண்டு முழுப் பருவங்கள், தினமும் களத்தில் வைத்துப் பழக்கினார். நேற்று வந்தவர்களை வைத்து இன்றைய டார்கெட்டை முடிக்கச் சொன்னால் எந்த லீடர்தான் தடுமாற மாட்டார்? 2018இல் அவர் தேசிய அணிப் பதவியிலிருந்து விலகினார். அவருடைய திறமைக்கு அளவுகோல் 2016 அல்ல, 2013தான் என்பது என் தீர்ப்பு.