டிஷ் நம்ம மாடியில, கார்டு நம்ம கையில... ஆனா கம்ப்யூட்டர்ல ஏன் படம் வரல?

டிவிக்குப் பக்கத்துல ஒரு சின்ன கம்ப்யூட்டரை வெச்சு ஹோம் தியேட்டர் பிசி செய்யறது பத்தி முன்னாடி ஒரு எபிசோடுல பேசினேன். அதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "அண்ணா, டிடிஹெச் கனெக்‌ஷனை நேரா கம்ப்யூட்டர்லயே வாங்கிக்க முடியாதா? மாசாமாசம் ரீசார்ஜ் பண்றோம். டிஷ் நம்ம மாடியில இருக்கு, கார்டு நம்ம வீட்டுல இருக்கு. அப்புறம் அந்தப் பெட்டி எதுக்கு?"

நியாயமான கேள்வி. பதில் பாதி ஆமா, பாதி இல்ல. சிக்னல் முழுசா கம்ப்யூட்டருக்குள்ள வந்துடும். படம்தான் வராது. இன்னிக்கு அந்த நடுவுல இருக்கிற விஷயத்தைத்தான் பேசப் போறேன்.

முதல்ல சுலபமான பாதியை முடிச்சிடலாம். தேவைப்படுறது ஒரு டிவிபி-எஸ்2 ட்யூனர். கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற கார்டாவும் வரும், யூஎஸ்பி டப்பாவாவும் வரும். மாடியில இருந்து வர்ற அதே கருப்பு கேபிளை இதுல மாட்டணும். சாஃப்ட்வேர் பக்கம், நான் லினக்ஸ்ல டிவிஹெட்எண்ட் வெச்சிருக்கேன். சேனலைப் பிடிக்கிறதும் ரெக்கார்ட் பண்றதும் அதோட வேலை. டிவி திரையில அழகா மெனு காட்டுறதுக்கு கோடி. ரெண்டுமே இலவசம்.

டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்குக்குத் திருப்புங்க. அங்கதான் ஜிசாட்-15 இருக்கு, 2015 நவம்பர்ல மேல போன செயற்கைக்கோள். சென்னையில இருந்து பார்த்தா சரியா தென்கிழக்கு, தரையில இருந்து சுமார் 68 டிகிரி உயரம். கிட்டத்தட்ட தலைக்கு மேல. ஆனா டிஷ்ஷைப் பார்த்தா அவ்வளவு நிமிர்ந்து பார்க்கிற மாதிரி தெரியாது, ஏன்னா நம்ம வீட்டு டிஷ் எல்லாம் சாய்வா வாங்கித் திருப்புற வகை. முதல் தடவை மாடியில நிக்கிறவங்களை இது நல்லா குழப்பும்.

அடுத்து சாஃப்ட்வேர்ல நம்பர் கொடுக்கணும். 11090 மெகாஹெர்ட்ஸ், வெர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500. இது டிடி ஃப்ரீ டிஷ் வர்ற அலைவரிசைகள்ல ஒண்ணு. டிஷ் மூக்குல இருக்கிற எல்என்பி இந்த 11090-ல இருந்து 9750-ஐக் கழிச்சு, 1340 மெகாஹெர்ட்ஸா கேபிள்ல கீழ அனுப்பும். வெர்ட்டிகல்னா ட்யூனர் மேல 13 வோல்ட் அனுப்பும், ஹரிஸான்டல்னா 18. மேல போற மின்சாரமும் கீழ வர்ற சிக்னலும் ஒரே வயர்லதான்.

ஃப்ரீ டிஷ்ல எம்பெக்-2 வடிவத்துல வர்ற சேனல்களுக்குப் பூட்டு கிடையாது. ஸ்கேன் முடிஞ்சதும் டக்குனு படம் வந்துடும். ரெக்கார்டும் ஆகும். செயற்கைக்கோள் அனுப்பின பைட்டுகள் அப்படியே ஃபைலா ஹார்ட் டிஸ்க்ல வந்து உக்காரும். விநாடிக்கு 3 மெகாபிட்ல வர்ற சேனல்னா ஒரு மணி நேரம் சுமார் 1.35 ஜிபி. அந்த ஃபைலை பென் டிரைவ்ல போட்டு எங்க வேணும்னாலும் ஓட்டலாம், பத்து வருஷம் கழிச்சும் ஓட்டலாம். கூடவே ஒரு சின்ன சந்தோஷம்: ஐப்பசி மழையில பெட்டி சட்டுனு "சிக்னல் இல்லை"ன்னு கைவிரிச்சிடும். கம்ப்யூட்டர்ல சிக்னல் தரம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குறதைப் பார்க்கலாம். மேகம் வர்றது வானிலை செய்திக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும். வீட்டுல யாருக்கும் இது பெருமையா தெரியல.

இப்போ அந்த இன்னொரு பாதி. டிடி ஃப்ரீ டிஷ்ஷும் சன் டைரக்ட்டும் ஜிசாட்-15-ஐயே பயன்படுத்துறாங்க. அதாவது ஒரே செயற்கைக்கோள், ஒரே டிஷ், ஒரே கேபிள். ட்யூனரை ஒரு கட்டண அலைவரிசைக்கு மாத்தினாலும் சிக்னல் அதே தரத்துல பூட்டிக்கும். சேனல் பட்டியல்கூட பேரோட வந்துடும், ஏன்னா அந்தப் பட்டியலுக்குப் பூட்டு இல்ல. பேரைத் தொட்டா மட்டும் கருப்புத் திரை. படமும் ஒலியும் கலைச்சுப் போட்ட பைட்டுகளா உள்ள வந்துட்டு இருக்கும், நமக்கு அதுல ஒண்ணும் புரியாது.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா அழகா இருக்கும். படத்தைக் கலைக்கிற சாவி எப்பவும் ஒண்ணே இல்ல. ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒரு தடவை மாறும். அடுத்த சாவியை இன்னொரு சாவியால மூடி, அதே சிக்னலோட சேர்த்து அனுப்பிடுவாங்க. அந்த மூடியைத் திறக்கிறது ஸ்மார்ட் கார்டுக்குள்ள இருக்கிற சிப். அது முதல்ல பார்க்கிறது, "இவர் இந்த சேனலுக்குக் காசு கட்டியிருக்காரா?" அந்தத் தகவலும் வானத்துல இருந்துதான் வரும். ரீசார்ஜ் பண்ணினதும் கஸ்டமர் கேர்ல "பெட்டியை ஆன் பண்ணியே வைங்க, கொஞ்ச நேரத்துல வந்துடும்"னு சொல்றாங்கல்ல? சும்மா சமாளிக்கிற பேச்சுன்னு நினைச்சிருப்பீங்க. உண்மையில உங்க கார்டு நம்பருக்குன்னு ஒரு அனுமதிச் செய்தி செயற்கைக்கோள் வழியா திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகிட்டு இருக்கும். பெட்டி ஆன்ல இருந்தாத்தான் அது காதுல விழும்.

சரி, அந்தக் கார்டை உருவி கம்ப்யூட்டர்ல ஒரு கார்டு ரீடர்ல போட்டா? பெரும்பாலும் நடக்காது. கார்டுக்கும் பெட்டிக்கும் ஜோடி போட்டு வெச்சிருப்பாங்க. கார்டு திறந்த சாவியை அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் புரியற மொழியில சொல்லும். நிறைய புதுப் பெட்டிகள்ல கார்டே கிடையாது, எல்லாம் சிப்புக்குள்ள போயிடுச்சு.

இதெல்லாம் வெறும் தொழில்நுட்ப சுவாரஸ்யம்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். எங்க பெரியம்மா ஒரு தடவை டிவியில ஒரு விவாத நிகழ்ச்சியில பார்வையாளரா உக்காந்து, மைக் கைக்கு வந்ததும் எழுந்து ரெண்டு நிமிஷம் பேசினாங்க. மருமகளுக்கு வேலைக்குப் போற உரிமை உண்டான்னு யாரோ கேட்டதுக்கு அவங்க கொடுத்த பதிலுக்கு அரங்கமே கைதட்டிச்சு. பெட்டியோட யூஎஸ்பியில என் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி அதை ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தோம். அதுக்கு அடுத்த வருஷம் பெரியம்மா இறந்துட்டாங்க. அப்புறம் ஒரு மழையில இடி விழுந்து பெட்டி போயிடுச்சு. கம்பெனியில இருந்து புதுப் பெட்டி மாட்டிட்டு, பழசை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஹார்ட் டிஸ்க்கைப் புதுப் பெட்டியில மாட்டினா அது கேட்ட ஒரே கேள்வி: "ஃபார்மட் பண்ணலாமா?"

கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்த்தேன். ஃபைல் இருக்கு, தேதி இருக்கு, அளவும் சரியா இருக்கு. உள்ள வெறும் இரைச்சல். ரெக்கார்டிங்கைப் பழைய பெட்டியோட சாவியால பூட்டியிருக்கு, அந்தப் பெட்டி போனதோட சாவியும் போச்சு. போன்ல கேட்டப்போ அந்தப் பையன் பாவம், "சார், ரெக்கார்டிங்கை மாத்த முடியாது சார்"னு மட்டும் சொன்னான். அவன் மேல தப்பில்ல. அந்த எபிசோடு இணையத்துலயும் எங்கயும் கிடைக்கல. பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, இப்பவும் எப்பவாவது கேப்பா: "அந்த டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுடலயே?" போடல. அலமாரியில இருக்கு.

நம்ம சட்டம் இதுல என்ன சொல்லுது தெரியுமா? 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 39. ஒளிபரப்பை ஒருத்தர் தன்னோட சொந்த உபயோகத்துக்கு ரெக்கார்ட் பண்ணிக்கிறது ஒளிபரப்பு உரிமை மீறல் இல்லைன்னு அதுல தெளிவா இருக்கு. ஆனா 2012 திருத்தத்துல வந்த பிரிவு 65ஏ, உரிமையை மீறுற நோக்கத்தோட பாதுகாப்புப் பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறைன்னு சொல்லுது. அனுமதி சட்டத்துல இருக்கு, சாவி கம்பெனிகிட்ட இருக்கு.

இதுக்கு வழி யோசிக்காம இல்ல. ஐரோப்பாவுல ரொம்ப நாளுக்கு முன்னாடியே காமன் இன்டர்ஃபேஸ்னு ஒரு துவாரத்தைக் கொண்டு வந்தாங்க. பழைய லேப்டாப் பக்கவாட்டுல கார்டு சொருகுற துவாரம் இருக்குமே, அதே அளவு. டிவி கம்பெனி ஒரு சின்ன மாட்யூல் கொடுக்கும். அதுல கார்டைப் போட்டு எந்த டிவியிலயும், எந்த ட்யூனர்லயும் சொருகலாம். ஜெர்மனியில டிஜிட்டல் டிவைசஸ்னு ஒரு கம்பெனி, இந்தத் துவாரம் வெச்ச கம்ப்யூட்டர் கார்டையே விக்கிறாங்க. அங்க நிறைய பேர் ஹோம் தியேட்டர் பிசியில கட்டண சேனலைச் சட்டப்படியே இப்படித்தான் பார்த்தாங்க.

ஆனா மாட்யூல் பூட்டைத் திறந்து வெறும் படத்தைத் திருப்பித் தரும், அதை அப்படியே சேமிக்கலாம். சினிமா கம்பெனிகளுக்கு இது பிடிக்கல. 2008-ல சிஐ பிளஸ்னு அடுத்த பதிப்பு வந்துச்சு. இதுல மாட்யூல் படத்தைத் திரும்பப் பூட்டித்தான் கொடுக்கும். எதிர்ல இருக்கிற கருவிகிட்ட சான்றிதழ் இருந்தாத்தான் அது திறக்கும். ஒப்பந்தம் போட்ட டிவி தயாரிப்பாளருக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கும். யார் வேணும்னாலும் மாத்தி எழுதக்கூடிய திறந்த மென்பொருள் ஓடுற கம்ப்யூட்டருக்கு யார் கொடுப்பாங்க?

இந்தியாவுல 2001-லயே, டிடிஹெச் வழிகாட்டு நெறிகளை அரசு போட்டப்பவே, பெட்டி திறந்த அமைப்பா இருக்கணும், ஒரு கம்பெனியில இருந்து இன்னொண்ணுக்கு மாறுறவங்க அதே பெட்டியை வெச்சுக்க முடியணும்னு எழுதிட்டாங்க. நடைமுறையில பெட்டிக்குப் பின்னாடி ஒரு துவாரம் இருந்தாப் போதும்னு ஆயிடுச்சு. அதுல சொருக வேண்டிய மாட்யூல்தான் கடையில யார்கிட்டயும் இல்ல. 2020 ஏப்ரல்ல டிராய் திரும்பவும் பரிந்துரை கொடுத்துச்சு, இந்தத் தடவை யூஎஸ்பி வடிவத்துல. அப்படி ஒரு மாட்யூலை நான் இன்னும் கண்ணால பார்க்கல.

"அண்ணா, இதெல்லாம் விடுங்க, சாவியை நெட்ல விக்கிறாங்களே?"ன்னு கேக்கிறவங்க உண்டு. ஒருத்தர் கார்டுல திறந்த சாவியை இணையம் வழியா நூறு பேருக்கு அனுப்புற வியாபாரம் அது. எனக்கு வேண்டாம். நான் கேக்கிறது காசு கட்டினதை வெச்சுக்கிற உரிமை, கட்டாம பார்க்கிற வழி இல்ல. அதுவும் முகம் தெரியாத ஒருத்தரோட சர்வரை நம்பி வீட்டு டிவியை ஓட்டறதுன்னா, அவர் என்னிக்குக் கடையை மூடுவாரோ, அன்னிக்கு நம்ம திரையும் கருப்பு. ஓடிடிக்குப் போயிடலாமேன்னு கேட்டா, அங்க பூட்டு இன்னும் கெட்டி. ஒரு நாள் படமே பட்டியல்ல இருந்து காணாமப் போயிடும்.

அப்போ நான் என்ன செஞ்சிருக்கேன்? பெட்டியை வெளிய தள்ளல, கம்ப்யூட்டருக்கு வேலைக்காரனா வெச்சிருக்கேன். பெட்டிக்குப் பின்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு பழைய ஏவி அவுட் இருக்கு பாருங்க. ஹெச்டிஎம்ஐயில வர்ற படத்துக்கு ஹெச்டிசிபி பூட்டு உண்டு. என் பெட்டியில இந்த மஞ்சள் வயர்ல வர்ற படத்துக்கு ஒரு பூட்டும் இல்ல. அதை ஒரு யூஎஸ்பி கேப்ச்சர் ஸ்டிக் வழியா கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாச்சு. பெட்டியோட ரிமோட் கண்ணுக்கு முன்னால ஒரு ஐஆர் பிளாஸ்டர். நம்ம ரிமோட்டோட சிக்னலை அதுக்குக் கத்துக் கொடுத்தா, கம்ப்யூட்டரே சேனலை மாத்தும். ராத்திரி ஒன்பது மணிக்கு இந்த சேனல்னு டைம் செட் பண்ணிட்டா, அது பாட்டுக்கு மாத்தி, ரெக்கார்ட் பண்ணி, நிறுத்திடும்.

தரம் ஹெச்டி இல்ல, 576 வரிதான். பெரிய திரையில கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். கிரிக்கெட்டுக்கு இது ஆகாது, அதுக்கு நேரா பெட்டியோட ஹெச்டிஎம்ஐதான். ஆனா ஒரு முகத்தையும் குரலையும் வெச்சுக்கிறதுக்குத் தாராளமா போதும். அந்த ஃபைல் எந்தப் பெட்டியையும் கேக்காது.

ரெண்டு விஷயம் சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். கம்ப்யூட்டர் ட்யூனரையும் பெட்டியையும் ஒரே வயர்ல பிரிச்சு மாட்டாதீங்க. ஒண்ணு 13 வோல்ட் அனுப்பும், இன்னொண்ணு 18 அனுப்பும், ரெண்டும் சண்டை போடும். ரெண்டு அவுட்புட் இருக்கிற ட்வின் எல்என்பி வாங்கி, தனித்தனி கேபிள் இழுங்க. அடுத்து, புதுசா வர்ற பெட்டிகள்ல அந்த மூணு கலர் துவாரத்தையே எடுத்துட்டு வர்றாங்க. கனெக்‌ஷன் மாத்தும்போதோ, பழுதுக்குப் பதிலா வேற பெட்டி கொடுக்கும்போதோ, வர்ற ஆளை ஒரு நிமிஷம் நிறுத்தி, பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்க. ஏவி அவுட் இருக்கிற மாடல் வண்டியில இருந்தா, அதையே கேட்டு வாங்கிக்கோங்க.