எழுதியவர் வாழ்வும் எழுத்தும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு கதையைப் படிப்பதற்கு அதன் ஆசிரியரின் வாழ்வை அறிந்திருக்க வேண்டுமா என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். திருவொற்றியூரில் நின்று இதைப் பேசும்போது, இங்கே கடற்கரையில் அடங்கிய பட்டினத்தார் நினைவுக்கு வருகிறார். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் செல்வத்தைத் துறந்து இவ்வூர் வந்துசேர்ந்த கதையை அறியாதவர் இல்லை. அக்கதையின் துணையோடுதான் அவர் பாடல்களைப் படிக்கிறோம். ஆனால் பதினோராம் திருமுறையில் உள்ள பாடல்களும், மக்கள் நாவில் வழங்கும் துறவுப் பாடல்களும் வெவ்வேறு காலத்தவர் பாடியவை என்பர் ஆய்வாளர். வாழ்க்கை பாடலை விளக்குவதாக நினைக்கிறோம். பாடல்களே அவ்வாழ்க்கையைப் புனைந்திருக்கவும் கூடும்.

அது பழங்காலம் எனலாம். வாழ்க்கை விவரங்கள் நன்கு தெரிந்த புதுமைப்பித்தனைப் பார்ப்போம். 1943-இல் வெளிவந்த அவரது ‘செல்லம்மாள்’ கதையில், சென்னை ஜவுளிக்கடை ஒன்றில் உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவிக்குப் பணிவிடை செய்து, இறுதியில் அவளை இழக்கிறார். ஆசிரியரும் சென்னையில் பத்திரிகைத் தொழிலில் வறுமையோடு போராடியவர். பிரிந்திருந்த மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வந்துள்ளன. பணம் அனுப்ப இயலாத தவிப்பு அவற்றில் உண்டு. இவ்வளவும் தெரிந்தபின், செல்லம்மாளே கமலா என்று முடிவுகட்டத் தோன்றும். நடந்ததோ நேர்மாறு. 1948-இல் காசநோயால் மறைந்தவர் கணவர். தாமும் சிறுகதைகள் எழுதிய கமலா விருத்தாசலம் அதன்பின் பல்லாண்டுகள் வாழ்ந்தார்.

கடிதங்கள் பயனற்றவை என்று நான் கூறவில்லை. அந்தத் தவிப்பை ஆசிரியர் எங்கே அறிந்தார் என்பதை அவை காட்டுகின்றன. ஆனால் சாவை முதலிலேயே சொல்லிவிட்டுக் கதையைப் பின்னே கொண்டுசென்றதும், பிள்ளையைக் கதறவிடாமல் நிதானமாகக் காரியங்களைச் செய்யவைத்ததும் கலைஞரின் தீர்மானங்கள். அவற்றைக் கதைக்குள்தான் தேட வேண்டும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரை எழுத வந்தவர்களில் பலர் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். மீனவர் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்கள் எழுதினால் அனுபவம் என்கிறோம். வசதியுள்ளவர் எழுதினால் கற்பனை என்கிறோம். பாராட்டுப் போலத் தோன்றும் இச்சொல், ஓர் எழுத்தாளரின் பாதி உரிமையைப் பறித்துவிடுகிறது.

நம் வட்டத்து நண்பர் ஒருவர், குடியால் அழிந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் கதையை ஒருநாள் வாசித்தார். வாசித்து முடித்ததும் எழுந்த முதல் கேள்வி, “இது உங்கள் அப்பாவின் கதையா?” என்பது. அவருடைய தந்தை மதுவைத் தொட்டதே இல்லை. ஆயினும் பேச்சு தெருவுக்குப் போயிற்று; தாயார் மனம் நொந்தார். நண்பர் ஓராண்டு பேனாவைத் தொடவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவன் நானே.

ஆகவே நண்பர்களே, ஆசிரியர் வாழ்வை அறிவோம். ஆனால் கதையைப் படித்து முடித்த பிறகு அறிவோம். வரும் ஆண்டுகளில் இவ்வட்டத்தில் ஒருவர் கதை வாசித்தால், “இது நடந்ததா?” என்று தொடங்க வேண்டாம். “இதை ஏன் இந்த இடத்தில் முடித்தீர்கள்?” என்று கேட்போம். அந்நண்பர் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். இந்த முறை அதையே அவரிடம் கேட்கக் காத்திருக்கிறேன்.