வண்டிச் சக்கரமும் இரும்புப் பட்டையும்



பந்தும் வளையமும் கொண்டு செய்யும் சோதனையைப் பள்ளியில் கண்டிருப்பீர்கள். குளிர்ந்த நிலையில் வளையத்தினுள் நுழையும் பந்து, காய்ச்சிய பின் நுழைய மறுக்கிறது. வெப்பத்தால் உலோகம் விரியும் என்று குறித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறோம். இந்த உண்மையைக் கொண்டே நம் சிற்றூர்களின் மாட்டு வண்டிச் சக்கரங்கள் உறுதி பெற்றன என்பதை எண்ணுவதில்லை.

சக்கரத்தின் நடுவே இருப்பது குடம். அதில் செருகிய ஆரக்கால்களின் மறுமுனைகள் வட்டைகளில் பொருந்தியிருக்கும். வட்டை என்பது வளைவாகச் செதுக்கிய மரத்துண்டு. பல வட்டைகள் கூடியே வட்டம் முழுமையாகிறது. தச்சர் எவ்வளவு திறமையாக இழைத்தாலும் இணைப்புகளில் மயிரிழை இடைவெளி எஞ்சும். பாரம் ஏற்றினால் அவை ஆடும், நாளடைவில் கழலும். அவற்றை இறுக்கிப் பிணிப்பது கொல்லர் கட்டும் இரும்புப் பட்டையே.

கொல்லர் சக்கரத்தின் சுற்றளவை அளந்து, அதைவிடச் சிறிது குறைவாகவே பட்டையை வளைத்து, முனைகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவார். எவ்வளவு குறைவு? இங்கேதான் அவர் அறிவு விளங்குகிறது. 1 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் ஏறினால் இரும்பு தன் நீளத்தில் 10 லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 5 அடி குறுக்களவுள்ள பட்டையின் சுற்றளவு ஏறத்தாழ 188 அங்குலம். 500 டிகிரி ஏறினால் அது 1 அங்குலத்துக்குச் சற்று மிகுதியாக நீளும். குறைவு அந்த எல்லையைக் கடந்தால் பட்டை சக்கரத்தில் ஏறாது. குறைவு போதாதாயின் இறுகாது. அளவுக்கு மேல் இறுகினாலோ ஆரக்கால்கள் நெளியும்.

பட்டையைத் தரையில் கிடத்திச் சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவர். செந்நிறம் ஏறியதும் சிலர் கூடிக் குறடுகளால் தூக்கிவந்து, சக்கரத்தின் மேல் பொருத்திச் சம்மட்டியால் தட்டி இறக்குவர். மரம் புகையும், தீயும் பற்றும். உடனே நீர் ஊற்றுவர். பட்டை சுருங்க, இணைப்புகள் நெறுநெறுவென ஒலித்து ஒன்றையொன்று நெருங்கும். ஆடிய சக்கரம் ஒரே உடம்பாகிவிடும்.

கோடையில் மரம் உலர்ந்தால் பட்டை தளரும். நீரில் ஊறவைத்தால் மரம் பருத்துச் சில நாள் தாங்கும். நிலையான மருந்து, பட்டையைக் கழற்றி, வெட்டிச் சிறிதாக்கி, மீண்டும் கட்டுவதே.

சூத்திரம் எழுதாத கொல்லர் இரும்பின் நிறத்தைக் கொண்டே வெப்பத்தை அளந்தார். ரப்பர்ச் சக்கரங்கள் பரவிய பின் இக்காட்சி அரிதாயிற்று. அவருடைய அளவுகள் ஏட்டில் ஏறியவை அல்ல; கையோடு பழகியவை. அக்கை ஓய்ந்தால் அவையும் மறையும். உங்கள் ஊரில் முதிய கொல்லர் இருப்பாராயின், அவரிடம் பணிந்து கேளுங்கள்; எத்தனை விரற்கடை குறைத்தார் என்று எழுதி வையுங்கள்; பிறகு உங்கள் சூத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பறைப் பாடமும் அன்றுதான் நிறைவு பெறும்.